எச்சரிக்கை யாருடையது? குழு முகவரிகளுக்கும் பெயர் வேண்டும்

பழவேற்காட்டு மீனவர்களிடம் “இன்று கடலுக்குப் போகாதீர்கள்” என்று சொல்லும் பொறுப்பு ஒரே இடத்தில் இல்லை. புயல் என்றால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் சொல்கிறது. உயரமான அலை எழும் என்றால் ஹைதராபாத்தில் இருக்கும் ‘இன்காய்ஸ்’ என்னும் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் சொல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் தொழிலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வருகிறது. மீன்வளத் துறை, மாவட்ட நிர்வாகம், கடலோரக் காவல்படை ஆகியவையும் தத்தம் வழியில் சொல்கின்றன. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. இவை குறுஞ்செய்தியாக வரும், போன் திரையை மறைத்துக்கொண்டு அலறும் அறிவிப்பாக வரும், படகில் பொருத்திய டிரான்ஸ்பாண்டரில் வரும், வாட்ஸ்அப்பில் கைமாறி வரும், கடைசியில் ஊர் ஒலிபெருக்கியிலும் வரும். கூனங்குப்பத்திலோ வைரவன்குப்பத்திலோ கரையில் நிற்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “யார் சொன்னது?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு, செய்தியோடு வந்த எண்ணை வைத்தே விடை கண்டுபிடிக்கும் ஒரே சீரான வழி நம்மிடம் இல்லை. ஒருவருக்கு வரும் அழைப்புக்கு அந்த வழியை நாடு இப்போது கட்டி வருகிறது. பலருக்கு ஒரே நேரத்தில் போகும் செய்திக்கும் அதைக் கட்டியாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இணையத்தில் இந்தக் கேள்வியின் ஒரு பாதிக்கு 1987-லேயே விடை எழுதிவிட்டார்கள். வலையில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் எண் முகவரி உண்டு. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருகிற பொதுப் பதிவேடு டிஎன்எஸ். அதே பதிவேட்டில் எண்ணைக் கொடுத்துப் பெயரைப் பெறவும் வழி வைத்தார்கள். முகவரியின் நான்கு பகுதிகளையும் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பி எழுதி, அதற்கென்றே ஒதுக்கிய கிளையில் தேடினால், அந்த எண்ணைப் பெற்றவர் எழுதி வைத்த பெயர் கிடைக்கும். இந்தத் தலைகீழ்த் தேடலைப் பொதுமக்கள் பார்ப்பதில்லை என்றாலும் அது நாள் முழுக்க அவர்களுக்காக நடந்துகொண்டுதான் இருக்கிறது. மின்னஞ்சல் வழங்கிகள், கடிதத்தை அனுப்பிய எண்ணுக்குப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கின்றன. பெயர் இல்லாத எண்ணிலிருந்து வந்தால் சந்தேகத்தோடு ஒதுக்கி வைக்கின்றன. ஒரு வலையமைப்பில் கோளாறு என்றால் பொறியாளர் முதலில் பார்ப்பதும் அந்தப் பெயரைத்தான்.

மற்றொரு பாதிதான் சிக்கல். 224-ல் தொடங்கி 239-ல் முடியும் எண் முகவரிகள் எந்தக் கணினிக்கும் உரியவை அல்ல. அவை குழு முகவரிகள். தொழிலில் மல்டிகாஸ்ட் என்பார்கள். ஏறத்தாழ 26.8 கோடி எண்கள் இந்த வகைக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அனுப்புபவர் ஒரே ஒரு பிரதியை அந்த எண்ணுக்கு அனுப்புவார். அந்தக் குழுவில் சேர்ந்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் வழியில் உள்ள திசைவிகளே பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். இதன் அடிப்படை விதிகள் 1989-ல் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆவணத்தில் நிலைபெற்றன. ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோள் அமைப்பான யூமெட்சாட், வானிலைத் தரவுகளை நாடு நாடாக அனுப்பும் தன் யூமெட்காஸ்ட் சேவையில் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறது. இந்தக் குழு எண்களில் சிலவற்றுக்கு மட்டும் தலைகீழ்த் தேடலில் பெயர் உண்டு. உலக முகவரிப் பதிவேட்டை நடத்தும் ஐயானா, தான் நேரடியாகக் கொடுத்த எண்களுக்கு ‘எம்காஸ்ட்.நெட்’ என்ற குடும்பப் பெயரில் பெயரிட்டிருக்கிறது. 224.0.1.1 என்று தேடினால், கணினிக் கடிகாரங்களைச் சரிசெய்யும் என்டிபி சேவையின் குழு என்று தெரிந்துவிடும்.

2001-ல் குளோப் என்றொரு விதியும் வந்தது. ஒவ்வொரு வலையமைப்புக்கும் உள்ள பதிவு எண்ணை முகவரிக்குள்ளேயே பொதிந்துவிடும் ஏற்பாடு அது. நம் நாட்டின் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட்டின் பதிவு எண் 2697. அதை 256-ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 137. ஆகவே 233.10.137 என்று தொடங்கும் குழு எண்கள் எல்லாம் எர்நெட்டுக்கு உரியவை. யாரிடமும் கேட்க வேண்டாம், கணக்குப் போட்டாலே உரியவர் தெரிந்துவிடும். அழகான யோசனைதான். ஆனால் பதிவு எண் 65,535-க்குள் இருக்கும் பழைய வலையமைப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பின்னால் வந்தவர்களுக்காக 2010-ல் வேறொரு விதி எழுத வேண்டியிருந்தது. இப்படி ஒட்டுப்போட்ட நிலையில்தான் குழு எண்களின் பெயரிடல் இன்றும் இருக்கிறது. எண்ணைப் பெற்றவர் பெயர் எழுதலாம், எழுதாமலும் விடலாம். எழுதினால் குழுவின் பெயரை எழுதுவதா, பொறுப்பாளரின் பெயரை எழுதுவதா என்பதற்கும் எல்லோரும் கைக்கொள்ளும் ஒழுங்கு இல்லை.

இதற்குச் சொல்லப்படும் முதல் எதிர்வாதம் வலுவானது. குழு எண்ணுக்கு உரியவர் என்று ஒருவரும் இல்லை. இன்றைக்கு நூறு பேர் சேர்வார்கள், நாளைக்குப் பாதிப் பேர் விலகுவார்கள். மாறிக்கொண்டே இருக்கும் கூட்டத்துக்கு எப்படி ஒரே பெயரை எழுதி வைப்பது என்கிறார்கள். பழவேற்காடு ஏரியிலேயே இதற்கு விடை இருக்கிறது. அங்கே தலைமுறைகளாக நடந்துவரும் பாடு முறையில், ஏரியின் குறிப்பிட்ட மீன்பிடி இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரிக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் போன்ற ஊர்களின் இந்த வழக்கத்தை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று ஒரு குழுவின் முறை, நாளை வேறொரு குழுவின் முறை. இடம் மாறுவதில்லை, முறை வைக்கும் பொறுப்பும் ஊரை விட்டுப் போவதில்லை. அந்த இடத்தில் இன்று வலை கட்டியிருப்பவர் யார் என்பது ஒரு கேள்வி. அந்த இடம் எந்த ஊரின் பாட்டுக்கு உட்பட்டது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடை தினம் மாறும் என்பதால் இரண்டாவது கேள்விக்கு விடை இல்லை என்று ஏரிக்கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். பாடு உரிமை கிடைக்காத ஊர்களின் மனக்குறை நியாயமானது, அது தனியே பேச வேண்டியது. ஆனால் உறுப்பினர் மாறும் உரிமைக்கும் நிலையான பொறுப்பாளர் இருக்க முடியும் என்பதை அந்த முறை ஐயமில்லாமல் காட்டுகிறது. குழு எண்ணின் தலைகீழ்த் தேடல் தர வேண்டியதும் அந்த இரண்டாவது விடையைத்தான்: இந்த எண்ணை யார் பெற்றார், எதற்காக, தவறு என்றால் யாரிடம் கேட்பது.

உறுப்பினர் பட்டியலை அது தரவே கூடாது. எந்தப் படகு எந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறது என்பது வெளியே தெரிந்தால், யார் எங்கே தொழில் செய்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். மீன் கிடைக்கும் இடம் மீனவரின் முதல்.

கரைக்கு வருவோம். மீனவரின் கைபேசியை எட்டும் எச்சரிக்கைகள் இணையக் குழு எண்ணில் வருவதில்லை; திரையை மறைத்து அலறும் அறிவிப்புகள் செல் பிராட்காஸ்ட் என்ற கோபுர ஒலிபரப்பில் வருகின்றன. தொழில்நுட்பம் வேறு, குறை ஒன்றேதான். கோபுரம் ஒரு செய்தி வகை எண்ணை அறிவித்து ஒலிபரப்பும். அந்த வகையைக் கேட்கும்படி அமைத்த எல்லாப் போன்களும் அதை எடுத்துக்கொள்ளும். அந்த எண் ‘இது பேரிடர் எச்சரிக்கை’ என்று வகையைச் சொல்லுமே தவிர, அனுப்பியவர் யார் என்று சொல்லாது. 2023-ல் தொலைத்தொடர்புத் துறை மாநிலம் மாநிலமாகச் சோதனை நடத்தியபோது தமிழ்நாட்டிலும் அக்டோபரில் போன்கள் அலறின. அனுப்பியது தொலைத்தொடர்புத் துறை என்பது செய்தியின் வாசகத்துக்குள் இருந்தது. வாசகத்தை எவரும் எழுதலாம் என்பதுதான் கவலை. 2019-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எளிதில் வாங்கக்கூடிய வானொலிக் கருவிகளைக் கொண்டு போலிக் கோபுரம் அமைத்து, நாட்டின் அதிபர் பெயரில் வரும் எச்சரிக்கையையே போன்களுக்கு அனுப்ப முடியும் என்று நிரூபித்தார்கள்.

போலி இல்லாமலே விபரீதம் நடக்கலாம் என்பதற்கு ஹவாய் சாட்சி. 2018 ஜனவரி 13 காலை, ஏவுகணை வருகிறது, உடனே ஒதுங்குங்கள், இது ஒத்திகை இல்லை என்று அந்தத் தீவுகளின் போன்களுக்கெல்லாம் செய்தி போனது. தவறு என்ற மறுப்பு அதே வழியில் வர 38 நிமிடங்கள் ஆயின. அந்தச் செய்தியில் அனுப்பியவர் பெயர் இல்லை. கேட்க ஆளில்லாமல் மக்கள் அவசர எண்ணுக்கே அழைக்க, அந்த இணைப்புகள் திணறின. செய்தியின் எண்ணைத் தொட்டால் வெளியிட்ட அலுவலகத்தின் பெயரும் அது நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும் ஏற்பாடு இருந்திருந்தாலும் தவறு நடந்தே இருக்கும். ஆனால் பீதியின் நீளமாவது குறைந்திருக்கும்.

பெயர் எழுதி வைத்தால் மோசடிக்காரர்களும் பெயர் எழுதிவைப்பார்களே என்று கேட்கலாம். தலைகீழ்த் தேடலின் பலமே இங்குதான் இருக்கிறது. பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் பதிவை யார் வேண்டுமானாலும் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். எண்ணிலிருந்து பெயருக்குப் போகும் பதிவு, எண்ணை ஒதுக்கிய அமைப்பின் கிளையில் இருக்கிறது. எண்ணைப் பெறாதவர் அங்கே எழுத முடியாது. இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று கருவி பார்த்துக்கொள்ளும். 2010 முதல் டிஎன்எஸ் பதிவேட்டின் வேர் மட்டத்திலேயே மின்னணுக் கையெழுத்து இருப்பதால், கீழ்க்கிளைகளிலும் கையெழுத்திட்டால், வழியில் யாரும் பதிவை மாற்றுவதும் தெரிந்துவிடும். இது எல்லா மோசடியையும் நிறுத்திவிடும் என்று சொல்ல வரவில்லை. உண்மையான குழு எண்ணைப் போட்டே ஒருவர் போலிச் செய்தி அனுப்பலாம். அதைத் தடுக்கச் செய்தியிலேயே கையெழுத்து வேண்டும். ஆனால் யாருடைய கையெழுத்தோடு ஒப்பிடுவது என்று தெரிய முதலில் பெயர் வேண்டும்.

குறுஞ்செய்தியில் இந்தியா இதைச் செய்து பார்த்திருக்கிறது என்பது நமக்குள்ள பெரிய ஆதாரம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்கள் தங்களைக் குறிக்கும் தலைப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஆறெழுத்துத் தலைப்பைக் கொடுத்து, அது எந்த நிறுவனத்துக்கு உரியது என்று தேடிப் பார்க்கும் பக்கத்தையும் டிராய் வைத்திருக்கிறது. 2025-ல் தலைப்பின் கடைசியில் வகையைக் குறிக்கும் எழுத்தையும் கட்டாயமாக்கினார்கள்; அரசுச் செய்தி என்றால் ‘ஜி’. அழைப்பவரின் பெயரை வலையமைப்பே திரையில் காட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் பரிந்துரையும் செய்தார்கள். கோடிக்கணக்கான தனி எண்களுக்கு இதைச் செய்ய முடிகிற நாட்டில், எச்சரிக்கைக்குப் பயன்படும் விரல்விட்டு எண்ணக்கூடிய குழு எண்களுக்குச் செய்ய முடியாது என்பது ஏற்கத்தக்கதல்ல.

அதே அனுபவம் ஒரு எச்சரிக்கையையும் தருகிறது. 2021 மார்ச் 8 அன்று, பதிவோடு பொருந்தாத குறுஞ்செய்திகளைத் தடுக்கும் ஏற்பாட்டை ஒரே நாளில் முழுவீச்சில் அமலாக்கியபோது, வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்கள்கூட வந்து சேராமல் நாடு தவித்தது. டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. புயல் எச்சரிக்கைக்கு அந்த நிலை வரவே கூடாது. ஆகவே விதியில் ஒரு வரி மிகத் தெளிவாக இருக்க வேண்டும்: தலைகீழ்த் தேடல் தகவலுக்கு மட்டும், பெயர் கிடைக்கவில்லை என்பதற்காக எந்த எச்சரிக்கையையும் எந்தக் கருவியும் நிறுத்தி வைக்கக் கூடாது. பெயர் தெரியாத செய்தியை, ‘பெயர் உறுதியாகவில்லை’ என்ற குறிப்போடு காட்டட்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குள் போயிருந்த குமரி மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. எட்டாமல் போன எச்சரிக்கையின் விலை என்ன என்பது இந்தக் கடற்கரை முழுவதற்கும் தெரியும்.

மேல்மட்டத்தில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் ஆதங்கமாக இருக்கிறது. உலக வானிலை அமைப்பு, எச்சரிக்கை வெளியிடும் அதிகாரம் பெற்ற அமைப்புகளுக்கென்று ஒரு பதிவேடு நடத்துகிறது. அதில் ஒவ்வொரு அமைப்புக்கும் புள்ளிவைத்த எண் வரிசை உண்டு, 2.49.0.0.356 என்று தொடங்கினால் அது இந்தியாவின் அமைப்பு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சச்சேத்’ தளம் பின்பற்றும் பொது எச்சரிக்கை நெறிமுறையில், அனுப்புபவர், பரப்பளவு, காலாவதி நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒழுங்காகப் புறப்படுகிறது. போனுக்கு வரும் கடைசிக் கட்டத்தில், குழு எண்ணுக்குள் நுழைந்ததும் வாசகம் மட்டும் மிஞ்சி, மற்றவை உதிர்ந்துவிடுகின்றன. கடல் வானொலியில் இதைவிடப் பழைய, எளிய ஒழுங்கு உண்டு. ஒன்பது இலக்க அழைப்பு எண்ணில் முதல் இலக்கம் ஒற்றைப் பூஜ்ஜியம் என்றால் அது கப்பல்களின் குழு, இரட்டைப் பூஜ்ஜியம் என்றால் கரை நிலையம், அடுத்து 419 வந்தால் இந்தியா. துறைமுகக் கூண்டுகூட அப்படித்தான். மூன்றாம் எண் என்றால் எல்லாத் துறைமுகத்திலும் ஒரே பொருள். எந்தத் துறைமுகம் ஏற்றியது என்பதில் குழப்பமே இல்லை. பொதுவான அட்டவணை இருந்தால் படிப்பறிவு குறைந்தவரும் எண்ணைப் படித்துவிடுவார் என்பதற்கு இந்தக் கடற்கரையே சான்று.

பழவேற்காட்டுக்கு இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏரி இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில், பெரும்பகுதி ஆந்திரத்தில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தடுப்பாக ஸ்ரீஹரிகோட்டா. கோபுரத்தின் அலைக்கு மாநில எல்லை தெரியாது. திருப்பதி மாவட்டத்துக்காக ஆந்திரம் வெளியிடும் எச்சரிக்கை தமிழ்நாட்டுப் போனிலும் ஒலிக்கலாம். இங்கிருந்து போவது அங்கேயும் ஒலிக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்று பெய்துவிட்டுப் பாபட்லா அருகே கரை கடந்தபோது, ஒரே புயலுக்கு இரண்டு மாநில நிர்வாகங்களும் தனித்தனியாக அறிவிப்புகள் கொடுத்தன. எது தனக்கு உரியது என்று பிரித்துப் பார்க்கப் பெயர் வேண்டும், அந்தப் பெயர் தமிழில் வேண்டும், தெலுங்கிலும் வேண்டும். டிஎன்எஸ் பதிவேட்டில் இந்திய மொழிப் பெயர்களை வைக்கத் தடையில்லை; தமிழில் ‘.இந்தியா’ என்ற முகவரிகளே நடப்பில் இருக்கின்றன. ராக்கெட் ஏவும் நாளில் வரும் உத்தரவுக்கும் இதே தேவை உண்டு. அந்தத் தடையின் பரப்பும் நேரமும் கடல்வழி எச்சரிக்கையாக டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு ஆய்வு அலுவலகத்தின் வழியே எண்ணிடப்பட்டுக் கப்பல்களுக்குப் போகின்றன. கப்பல் தலைவருக்கு அந்த எண் தெரியும். முகத்துவாரத்தில் நிற்கும் ஃபைபர் படகுக்காரருக்கு ‘இன்று போகக் கூடாது’ என்பது மட்டும் வந்து சேருகிறது. ஏவுதல் தள்ளிப்போனால் தடையும் தளர்ந்ததா என்று அவர் யாரைக் கேட்பார்? அன்றாடம் ஓடினால்தான் அடுப்பு எரியும் வீட்டில், இது ஒரு நாள் கூலிக்கான கேள்வி.

மீனவர் உட்கார்ந்து தேடிக்கொண்டா இருப்பார் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான். தேட வேண்டியது அவர் இல்லை, கருவி. இஸ்ரோவின் பேரிடர் அபாயச் சமிக்ஞைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளில் இருந்தது. அதன் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே போகும் சமிக்ஞை, எந்தக் கருவியிலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று கட்டுப்பாட்டு மையத்தில் அடையாளம் காணப்பட்டு, கடலோரக் காவல்படைக்குப் போகிறது. படகிலிருந்து கரைக்குப் போகும் எண்ணுக்குப் பெயர் தேட ஏற்பாடு செய்த நாம், கரையிலிருந்து படகுகளுக்குப் போகும் எண்ணுக்கு ஏன் செய்யக் கூடாது? 2024-ல் அறிமுகமான அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, கரையிலிருந்து வரும் செய்தியையும் வாங்குகிறது. போனோடு இணைத்துத் தாய்மொழியில் படிக்கவும் முடிகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், ரூ.364 கோடியில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கியது. மீன்வளத் துறை, கடலோரக் காவல்படை, வானிலை மையம் எல்லாம் அந்த ஒரே கருவிக்குக் குழுச் செய்தி அனுப்பும் நாளில், திரையின் மேல்வரியில் யார் பெயர் வர வேண்டும் என்பதை இப்போதே விதியாக்கிவிட வேண்டும். ஒரு லட்சம் கருவிகளையும் பொருத்திவிட்டு மென்பொருளை மாற்றுவது பன்மடங்கு வேலை.

பழவேற்காட்டுக்கு இதைவிடப் பெரிய துயரங்கள் இருக்கின்றன. முகத்துவாரம் தூர்ந்து படகு போக வழியில்லாமல் தவிக்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தால் கரையும் தொழிலும் போய்விடும் என்ற அச்சத்தில் போராடுகிறார்கள். அவற்றின் பணத்தையோ கவனத்தையோ இது கேட்கவில்லை. எண் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை இது. இணைய எண்களை இந்தியாவில் வழங்கும் ஐஆர்ஐஎன்என், தொலைத்தொடர்புத் துறை, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், தமிழ்நாடு, ஆந்திர மாநில ஆணையங்கள் ஆகியவை சேர்ந்து, கடற்கரை எச்சரிக்கைக்குப் பயன்படும் ஒவ்வொரு குழு எண்ணுக்கும், செய்தி வகைக்கும் பொறுப்பாளர் பெயர், பரப்பு, கேட்பதற்கான தொலைபேசி ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கி, ஒரே வடிவில் தலைகீழ்த் தேடலில் எழுதி வைக்கட்டும். பெயர் எழுதாத எண்ணை எச்சரிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எண்ணைப் பெறுபவரை விதி கட்டுப்படுத்தட்டும். அந்த அட்டவணையின் தமிழ்ப் பிரதியை, அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், மீன்வளத் துறை லைட்ஹவுஸ்குப்பம் முதல் கோரைக்குப்பம் வரை ஒவ்வோர் ஊரின் மீன் ஏலக் கூடத்திலும் ஒட்டலாம்.